வாட்ச் செயினில் விழுந்த கீறலை வீட்டிலேயே எடுக்க முடியுமா?

ஏழெட்டு வருடமாகத் தினமும் கட்டும் ஸ்டீல் வாட்ச். செயினின் ஓரக் கண்ணிகள் மங்கலாக, வரிவரியாக இருக்கும். நடுக் கண்ணிகள் கண்ணாடி போலப் பளபளப்பு. இப்போது லாக் முழுக்கக் கீறல், நடுக் கண்ணிகளில் மயிரிழைக் கோடுகள், இரண்டு கண்ணிகளில் ஆழமான வெட்டு. மெட்டல் பாலிஷ் வாங்கித் தேய்த்துப் பார்த்தால், மங்கலாக இருக்க வேண்டிய இடமும் திட்டுத் திட்டாகப் பளபளத்து, முன்பைவிட மோசமாகிவிட்டது. வீட்டிலேயே இதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா, இல்லை கடையில்தான் கொடுக்க வேண்டுமா என்பது கேள்வி.

பெரும்பகுதியை வீட்டிலேயே செய்யலாம். பாலிஷ் போட்டதால் திட்டாகிப் போன இடம் கால் மணி நேர வேலை. மயிரிழைக் கோடுகளுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். அந்த இரண்டு வெட்டுகளை மட்டும் அப்படியே விட்டுவிடச் சொல்வேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதி வேலை முழுவதும் தானாகவே தெளிவாகிவிடும்.

செயினின் அந்த மங்கலான மேற்பரப்பே கீறல்களால் ஆனதுதான். தொழிற்சாலையில் சுழலும் பட்டையில் வைத்து, ஒரே திசையில், ஒரே ஆழத்தில் ஆயிரக்கணக்கான மெல்லிய கீறல்களைப் போடுகிறார்கள். எல்லாம் இணையாக ஓடுவதால் கண்ணுக்கு அது ஒரு பட்டுத்துணி மாதிரித் தெரிகிறது. நாம் கட்டும்போது விழும் கீறல் குறுக்கே விழுகிறது. அந்தத் திசை மாற்றத்தைத்தான் கண் பிடித்துக்கொள்கிறது. ஆகவே இந்த இடத்தில் கீறலை முழுதாக அழிக்க வேண்டிய அவசியமே இல்லை. சுற்றியுள்ள வரிகளோடு அதைச் சேர்த்துவிட்டால் போதும், காணாமல் போய்விடும். பாலிஷ் செய்வது இதற்கு நேர் எதிரான வேலை. அது வரிகளை மழுங்கடிக்கிறது. மங்கல் பகுதியில் பாலிஷ் போட்டால் கெட்டுப்போவது இதனால்தான்.

பளபளப்பான பகுதியில் கதை வேறு. அங்கே வரியே இருக்கக் கூடாது. கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள உலோகத்தைக் குறைத்தால்தான் கீறல் மறையும். கீறலை எடுக்கிறோம் என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் எடுப்பது அதைச் சுற்றியுள்ள நல்ல உலோகத்தைத்தான். ஒவ்வொரு முறையும் செயின் கொஞ்சம் மெலிகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்ய வேண்டும்.

இவ்வளவு கெட்டியான ஸ்டீலில் கீறல் எப்படி விழுகிறது என்று பலர் கேட்பதுண்டு. வாட்சுகளில் பெரும்பாலும் பயன்படுவது 316எல் என்ற வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இதன் சிறப்பு துருவைத் தாங்குவது. கடினத்தில் இது சாதாரணம்தான். கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் அளவில் சுமார் 150 முதல் 200 வரை இருக்கும். காற்றில் பறக்கும் தூசியிலும் மணலிலும் உள்ள குவார்ட்ஸ் துகள் அதே அளவில் 1,000-ஐத் தாண்டும். மேசையில் படிந்த தூசியின் மேல் லாக்கை வைத்துக் கையை நகர்த்துவது, மிக நைசான உப்புத்தாளில் உரசுவதற்குச் சமம். டயல் மேலுள்ள சஃபையர் கண்ணாடி 2,000 பக்கம் வருவதால்தான் பத்து வருடம் ஆனாலும் கண்ணாடி புதிதாகவும் செயின் மட்டும் பழையதாகவும் தெரிகிறது. ரோலெக்ஸ் 1985 முதல் பயன்படுத்தும் 904எல் ஸ்டீலில் நிக்கலும் குரோமியமும் கூடுதல். அரிப்பை அது இன்னும் நன்றாகத் தாங்கும். கீறல் விஷயத்தில் அதுவும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

சரி, கையில் உப்புத்தாளை எடுப்பதற்கு முன், உங்கள் செயின் தொடக்கூடிய வகைதானா என்று பாருங்கள்.

தங்க முலாம் பூசியதென்றால் தொடவே வேண்டாம். முலாமின் தடிமன் 5, 10, அதிகம் போனால் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பி400 என்ற எண்ணுள்ள உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் ஒரு மணியே, அதாவது துகளே, சுமார் 35 மைக்ரான். இரண்டு இழுப்பில் அடியிலிருக்கும் உலோகம் வெளியே வந்துவிடும். கறுப்பு நிறச் செயின்களில் இருக்கும் பிவிடி, டிஎல்சி பூச்சுகள் சில மைக்ரான் மட்டுமே. அவற்றைக் கீறல் எடுத்துச் சரிசெய்ய வழியே கிடையாது. முழுதாக நீக்கிவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும், இல்லை அந்தக் கண்ணியை மாற்ற வேண்டும். மணல் வீசி ஆக்கிய சொரசொரப்பான மேட் பரப்புக்குத் திசையே இல்லை என்பதால் அதையும் கையால் மீட்க முடியாது. மேற்பரப்பை மட்டும் கடினமாக்கிய உலோகங்களும் இந்த வரிசையில் வரும்: சின் நிறுவனத்தின் டெகிமென்ட், சிட்டிசனின் டியூராடெக்ட் போன்றவை. இவற்றில் எளிதில் கீறல் விழாது. விழுந்தால் உப்புத்தாள் போட்டு அந்தக் கடினமான தோலை இழக்காதீர்கள்.

பழைய, சேகரிப்பாளர்கள் தேடும் வாட்ச் ஒன்று கையில் இருந்தால், அதன் கீறல்களோடு அப்படியே விடுங்கள். இதை வற்புறுத்தியே சொல்கிறேன். பாலிஷ் படாத கேஸும் (வாட்சின் உடல்) செயினும்தான் அந்த உலகத்தில் மதிப்பு. விளிம்பு மழுங்கிய பிறகு யாராலும் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

உங்களுடையது பூச்சில்லாத சாதாரண ஸ்டீல் என்று வைத்துக்கொண்டு தொடர்கிறேன்.

முதல் வேலை கழுவுவது. ஸ்ப்ரிங் பாரை, அதாவது செயினை வாட்சோடு பிடித்திருக்கும் ஸ்ப்ரிங் வைத்த சிறு கம்பியை, அமுக்கிச் செயினை வாட்சிலிருந்து கழற்றிவிடுங்கள். கேஸ் ஒட்டியிருக்கும்போது தேய்த்தால் கேஸின் காதுகளில், அதாவது செயின் மாட்டும் நீட்டல்களில், புதுக் கீறல் விழும், நேரம் திருப்பும் கிரீடத்துக்குள் தூள் போகும். கழற்றும் கருவி வழுக்கிக் காதின் உள்பக்கம் உரசாமல் இருக்க, அங்கே முதலில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். கண்ணிகளைத் தனித்தனியாகக் கழற்ற வேண்டாம். அவை சேர்ந்திருந்தால்தான் வரி ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்குத் தொடர்ச்சியாக ஓடும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பழைய டூத் பிரஷ். அரை மணி நேரம் ஊறவைத்து, கண்ணிகளின் இடுக்கெல்லாம் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பிளீச் வேண்டாம். அதிலுள்ள குளோரின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புள்ளிப் புள்ளியாகக் குழி விழவைக்கும்.

கழுவுவதை ஒரு சடங்காகச் சொல்லவில்லை. கீறல் என்று நினைத்தவற்றில் ஒரு பங்கு இதிலேயே போய்விடும். லேப்டாப்பின் அலுமினிய ஓரத்தில் உரசும்போது, மென்மையான அலுமினியம் ஸ்டீலின் மேல் ஒட்டிக்கொண்டு வெள்ளைக் கோடு மாதிரித் தெரியும். அது கீறலே கிடையாது. அப்புறம், இடுக்கில் மணல் இருக்கும்போதே தேய்க்க ஆரம்பித்தால், எடுக்கும் கீறலைவிடப் போடும் கீறல் அதிகமாகிவிடும்.

காய்ந்த பிறகு ஒரே ஒரு விளக்கின் கீழ் செயினை மெல்லத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். அறை விளக்கெல்லாம் எரிந்தால் கீறல் தெரியாது. ஒற்றை விளக்கு, சாய்வான வெளிச்சம் வேண்டும். பிறகு நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெதுவாக இழுங்கள். நகம் சிக்கவே இல்லை என்றால் மேலோட்டமான கீறல், எளிதில் போகும். லேசாக இடறினால் உப்புத்தாள் வேலை. நகம் நின்றே விட்டால் அது வெட்டு. வெட்டைச் சுற்றி உலோகம் குறைக்கப் போனால் அந்த இடம் மட்டும் பள்ளமாகி, வெளிச்சத்தில் அலை மாதிரித் தெரியும். அது கீறலைவிடக் கண்ணை உறுத்தும்.

இனி மங்கல் பகுதி. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இது. பலனும் உடனே தெரியும்.

வேண்டியது நார்ப்பட்டை, அதாவது ஸ்காட்ச் பிரைட் வகையறா. பாத்திரம் தேய்க்கும் பச்சை நிறமும் அதே குடும்பம்தான். வேலைக்கடைகளில் மெரூன் நிறத்திலும் சாம்பல் நிறத்திலும் கிடைக்கும். மெரூன் கொஞ்சம் கரடு, சாம்பல் மிக மென்மை. உங்கள் செயினின் வரி எவ்வளவு அழுத்தமாக இருக்கிறதோ அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். லாக்கின் உள்மடிப்பு போல வெளியே தெரியாத இடத்தில் முதலில் சாம்பலால் இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். வரி மிக நைசாகத் தெரிந்தால் மெரூனுக்குப் போங்கள். முதலில் மென்மை, பிறகு கரடு. இந்த இடத்தில் வரிசை இப்படித்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் தேவைக்கு மேல் கரடாக ஒரு வரி போட்டுவிட்டால் அதை மென்மையாக்க நிறைய உலோகத்தைக் குறைக்க வேண்டிவரும்.

கம்பி நார் மட்டும் கூடாது. அது சாதாரண இரும்பால் ஆனது. அதன் பொடி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் வரிகளுக்குள் சிக்கிக்கொண்டு, சில நாளில் அங்கே துரு பூக்கும். செயினே துருப்பிடித்துவிட்டது என்று பயந்து கொண்டுவருவார்கள். பார்த்தால் துருப்பிடித்தது அந்தப் பொடிதான்.

செயினை ஒரு தட்டையான மரப்பலகையில் நீளமாக விரித்து, இரண்டு முனையையும் டேப் போட்டு ஒட்டுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை இணையாக வைத்துக்கொண்டால் கை நேராகப் போகும். நார்ப்பட்டையை ஒரு சிறிய மரக்கட்டையில் சுற்றிப் பிடித்து, செயினின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரே இழுப்பாக இழுங்கள். கையைத் தூக்குங்கள். மறுபடி ஆரம்பத்திலிருந்து அதே திசையில் இழுங்கள். முன்னும் பின்னுமாகத் தேய்க்காதீர்கள். கை திரும்பும் இடத்தில் நார் ஒரு சிறு வளைவு போடும். அந்த வளைவுகள் சேர்ந்து, வெளிச்சத்தில் மேகம் படிந்த மாதிரித் தெரியும். ஒற்றைத் திசை இழுப்பில் அந்தப் பிரச்சினையே வராது. நடுவில் நிறுத்தவும் கூடாது. நிறுத்திய இடத்தில் கோடு விழும்.

அழுத்தம் அதிகம் வேண்டாம். ஐந்தாறு இழுப்பு, பிறகு துடைத்துப் பார்ப்பது, மறுபடி ஐந்தாறு. குறுக்குக் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் மங்கிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் எங்கே இருந்தது என்றே தெரியாது. அங்கேயே நிறுத்திவிடுங்கள். கீறலின் அடி இன்னும் மிச்சம் இருக்கும்தான். வரிகளுக்குள் அது கலந்துவிட்டது, அவ்வளவு போதும். கேள்வியில் சொன்ன அந்தத் திட்டுப் பளபளப்பும் இதே பத்து இழுப்பில் சரியாகிவிடும்.

நகம் இடறும் கீறலுக்கு முதலில் பி400 அல்லது பி600 உப்புத்தாளால் அதே திசையில் கொஞ்சம் குறைத்துவிட்டு, பிறகு நார்ப்பட்டையால் மேலே வரி போடலாம். ஒரு எச்சரிக்கை: கீறல் உள்ள கண்ணியை மட்டும் தேய்த்தால் அது ஒன்று மட்டும் தனியாகத் தெரியும். குறைப்பது அந்த இடத்தில் என்றாலும், கடைசி வரி முழுச் செயினுக்கும் சேர்த்துத்தான் போட வேண்டும்.

எல்லா இடத்திலும் வரி நீளவாக்கில்தான் ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள். செயினிலும் லாக்கிலும் பெரும்பாலும் அப்படித்தான். கண்ணியின் பக்கவாட்டில் சிலவற்றில் வரி இருக்கும், சிலவற்றில் பளபளப்பு இருக்கும். தொடங்குவதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேய்த்த பிறகு முன்பு எப்படி இருந்தது என்று நினைவுபடுத்துவது கஷ்டம்.

விளிம்புகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நல்ல செயின்களில் கண்ணியின் மேல்பரப்பும் பக்கவாட்டும் சேரும் இடத்தில் கூர்மையான ஒரு கோடு இருக்கும். சிலவற்றில் அந்த இடத்தில் மெல்லிய சாய்வு ஒன்றை வெட்டிப் பளபளப்பாக்கியிருப்பார்கள். செயின் புதிதாகத் தெரிவது அந்தக் கோட்டால்தான், பளபளப்பால் இல்லை. வேலை கற்றுக்கொண்ட காலத்தில் என் சொந்த வாட்சின் செயினில் மென்மையான ஸ்பாஞ்சில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தேன். கீறல் எல்லாம் போனது. ஆனால் ஸ்பாஞ்ச் ஓரத்தில் வழிந்து இறங்கி எல்லா விளிம்பையும் உருட்டிவிட்டது. கீறலே இல்லாத அந்தச் செயின், கீறலோடு இருந்ததைவிடப் பழையதாகத் தெரிந்தது. இன்றும் அப்படியேதான் இருக்கிறது. அதிலிருந்து, தட்டையான பரப்புக்கு உப்புத்தாளின் பின்னால் கட்டியான மரமோ கண்ணாடியோ இல்லாமல் நான் தேய்ப்பதில்லை. மேல்பரப்பு லேசாகக் குவிந்திருக்கும் கண்ணிகளுக்கு மட்டும் நார்ப்பட்டை வளைந்து கொடுக்கலாம். அப்போதும் ஓரத்தில் விரலை அழுத்தக் கூடாது.

அடுத்தது பளபளப்பான நடுக் கண்ணிகள்.

நகம் சிக்காத மயிரிழைக் கோடுகளுக்கு உப்புத்தாள் தேவையில்லை. கேப் காட் போன்ற மருந்தூறிய பாலிஷ் துணி, அல்லது ஆட்டோசால் போன்ற உலோக பாலிஷ் களிம்பைப் பருத்தித் துணியில் கொஞ்சமாக எடுத்துத் தேய்த்தாலே போதும். துணியை விரலில் சுற்றினால் விரல் பக்கத்துக் கண்ணியிலும் உரசும். அதனால் ஐஸ் குச்சியின் முனையில் துணியையோ மெல்லிய தோலையோ இறுக்கமாகச் சுற்றி, கண்ணியின் அகலத்துக்குள் மட்டும் தேய்ப்பதே நல்லது. துணி கறுப்பாகும். அது அழுக்கில்லை, குறைந்த உலோகத்தின் பொடி. பத்து நிமிடத்தில் கோடுகள் மங்கிவிடும்.

நகம் லேசாக இடறும் கீறல் என்றால் பி800, பி1200, பி2000 என்று படிப்படியாகப் போய், கடைசியில் களிம்பு. உப்புத்தாளில் எண் கூடக்கூட மணி சிறிதாகும். பி1000 தாளின் மணி சுமார் 18 மைக்ரான், பி2000 தாளில் சுமார் 10. தண்ணீரில் நனைத்து, ஒரு சொட்டு சோப்பு விட்டுத் தேய்த்தால் தூள் அடைக்காது, பறக்கவும் செய்யாது.

ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்றுங்கள். பி800-ஐ நீளவாக்கில் தேய்த்தால் பி1200-ஐக் குறுக்குவாக்கில் தேய்க்க வேண்டும். முந்தைய தாளின் கோடுகள் ஒன்றுகூட இல்லாமல் போகும்வரை அடுத்த தாளுக்குப் போகக் கூடாது. திசை மாற்றுவதால் மிச்சமிருக்கும் கோடு தனியாகத் தெரிந்துவிடும். பளபளப்பு வரவில்லை என்று புலம்புபவர்களிடம் கேட்டுப் பார்த்தால், எங்கோ ஒரு படியைத் தாண்டியிருப்பார்கள், அல்லது அவசரமாக முடித்திருப்பார்கள். பி800 விட்ட கோட்டைக் களிம்பு எடுக்காது. கோட்டின் உள்ளேயும் சேர்த்துப் பளபளப்பாக்கும், அவ்வளவுதான். தாள் மாற்றும்போதெல்லாம் செயினையும் கையையும் பலகையையும் கழுவிவிடுங்கள். முந்தைய தாளின் ஒரு மணி அடுத்ததில் ஒட்டிக்கொண்டு வந்தாலும் வேலை முழுவதும் திரும்பச் செய்ய வேண்டியதாகிவிடும்.

தட்டையான கண்ணாடிப் பளபளப்பு என்பது மெருகு வேலையிலேயே கடினமானது. பளபளக்கச் செய்வது யாராலும் முடியும்; எதிரே இருக்கும் ஜன்னலின் சட்டம் வளையாமல் நேர்க்கோடாகத் தெரியும்படிச் செய்வதற்குத்தான் பழக்கம் வேண்டும். கிராண்ட் செய்கோ வாட்சுகளில் பேசப்படும் ஜராட்சு என்ற மெருகு முறை இதுதான். சல்லாஸ் என்ற நிறுவனத்தின் இயந்திரப் பெயர் ஜப்பானிய உச்சரிப்பில் அப்படி ஆகிவிட்டது. அத்தகைய பரப்பு உங்கள் செயினில் இருந்தால், பாலிஷ் துணியைத் தாண்டிப் போகாதீர்கள். வீட்டில் உப்புத்தாள் போட்டு அந்தத் தட்டைத்தன்மையைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

உங்கள் செயினில் இரண்டு வகையும் கலந்திருப்பதால் வரிசை முக்கியம். பளபளப்பை முதலில் முடியுங்கள், மங்கலைக் கடைசியில். பாலிஷ் களிம்பு பக்கத்துக் கண்ணியில் வழிந்தாலும் பிறகு போடும் வரி அதை மூடிவிடும். தலைகீழாகச் செய்தால், போட்ட வரியைக் களிம்பு மழுங்கடிக்கும். பளபளப்பு முடிந்ததும் நடுக் கண்ணிகளை டேப்பால் மூட வேண்டும். சாதாரண மாஸ்கிங் டேப்பை நார்ப்பட்டை சீக்கிரம் கிழித்துவிடும். மஞ்சள் நிறக் காப்டான் டேப் மெல்லியது, உறுதியானது. இரண்டு அடுக்கு ஒட்டினால் தாங்கும். டேப்பைச் செயினின் மேல் ஒட்டிவிட்டுப் பிளேடால் ஓரத்தை வெட்டாதீர்கள், பிளேடு கண்ணியைக் கீறும். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் டேப்பை ஒட்டி, ஸ்கேல் வைத்து நடுக் கண்ணியின் அகலத்துக்கு நீளப் பட்டையாக வெட்டி, பிறகு எடுத்து ஒட்டுங்கள். ஓரத்தை நகத்தால் நன்றாக அழுத்திவிட்டு, நார்ப்பட்டை வேலையைத் தொடங்கலாம். இரண்டு பரப்பும் சேரும் கோடு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதில்தான் முழு வேலையின் தரமும் தெரியும்.

லாக்கில் வேலை எளிது, ஏனென்றால் ஒரே நீளப் பரப்பு. ஆனால் நிறுவனத்தின் சின்னம் பொறித்திருந்தால், அதன் மேல் உப்புத்தாள் படவே கூடாது. சில சின்னங்கள் லேசரால் மிக மேலோட்டமாகப் பொறிக்கப்பட்டவை, தேய்ந்து காணாமல் போய்விடும். டேப் ஒட்டி மூடிவிட்டுச் சுற்றிலும் நார்ப்பட்டை மட்டும் போடுங்கள். தகட்டை மடித்துச் செய்த லாக்குகளும், மடித்த தகட்டுக் கண்ணிகளும் மெல்லியவை. அவற்றில் நசுங்கல் இருந்தால் தேய்த்து எடுக்க முயற்சிக்க வேண்டாம்.

இப்போது அந்த இரண்டு ஆழமான வெட்டுகள். தொழில்முறையில் இதற்கு வழி இருக்கிறது: லேசர் வெல்டிங்கில் அதே வகை ஸ்டீலை உருக்கிப் பள்ளத்தை நிரப்பி, பிறகு மட்டமாக்கி, வரி போடுவார்கள். விளிம்பில் உடைந்துபோன இடத்தைக்கூட இப்படித் திரும்பக் கட்ட முடியும். அந்தச் செலவுக்குத் தகுந்த வாட்ச் என்றால் செய்யலாம். இல்லையென்றால் அந்தக் கண்ணியை மட்டும் மாற்றலாம். செயின் வாங்கும்போது அளவுக்குக் கழற்றிய கண்ணிகள் வீட்டில் எங்காவது இருந்தால், வெட்டு விழுந்ததை எடுத்துவிட்டு அதைப் போட்டுவிடுங்கள். இதைவிடச் சுலபமான, சேதமில்லாத வழி கிடையாது. கண்ணியின் உள்பக்கம் சிறு அம்புக்குறி இருக்கும். கண்ணிகளை இணைக்கும் பின்னை அந்தத் திசையில்தான் தள்ளி எடுக்க வேண்டும், போடும்போது எதிர்த் திசையில். கண்ணி மாற்றிய பிறகு முழுச் செயினுக்கும் ஒருமுறை வரி போட்டால் புதியதும் பழையதும் ஒன்றாகிவிடும். எதுவும் இல்லையென்றால், நார்ப்பட்டை வெட்டின் உதடுகளை மழுக்கிவிடும், கையில் சொரசொரப்புப் போய்விடும். அந்தப் பள்ளம் இருந்துவிட்டுப் போகட்டும்.

சுழலும் சிறு கருவிகளைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். கையடக்க டிரில்லில் ஃபெல்ட் சக்கரம் மாட்டித் தேய்க்கலாமா? லாக்கின் வளைந்த மூலை போன்ற இடங்களுக்குக் குறைந்த வேகத்தில் பயன்படுத்தலாம். தட்டையான பரப்பில் சிறு சக்கரம் பள்ளம் பள்ளமாகத் தோண்டிவிடும். பெரிய பஃபிங் சக்கரத்தில் பழக்கமில்லாதவர்கள் செயினைக் காட்டவே கூடாது. தொங்கும் முனையைச் சக்கரம் கவ்விக்கொண்டால் செயின் சாட்டை மாதிரிச் சுழன்று அடிக்கும், விரல் போகும். பட்டறைகளில் செயினைத் தனிப் பிடியில் இறுக்கிக் கட்டிய பிறகே சக்கரத்தில் வைப்பார்கள். கையால் செய்தாலும் உலர்ந்த உப்புத்தாள் என்றால் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தூளில் குரோமியமும் நிக்கலும் இருக்கிறது, மூச்சில் போக வேண்டியது இல்லை.

டைட்டானியம் செயின் வைத்திருப்பவர்களுக்காக ஒரு பத்தி. எடையில் ஸ்டீலில் பாதியைவிடச் சற்று அதிகம்தான் இருக்கும். 1970-இல் சிட்டிசன் எக்ஸ்-8 வாட்சில் வந்த உலோகம் இது. கலப்பில்லாத வகை, கிரேடு 2 என்பது, ஸ்டீல் மாதிரியேதான் கீறும். அலுமினியமும் வனேடியமும் சேர்ந்த கிரேடு 5 இன்னும் கடினம். மங்கல் பரப்பில் நார்ப்பட்டை முறை அப்படியே செல்லும். ஆனால் பளபளப்பு ஏற்றுவது மிகச் சிரமம்; தேய்க்கும் பொருளில் உலோகம் ஒட்டிக்கொண்டு இழுக்கும். மெல்லிய டைட்டானியம் தூள் தீப்பிடிக்கக் கூடியது என்பதால் இயந்திரத்தில் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. புதிதாகத் தேய்த்த இடம் முதலில் வெளுப்பாகத் தெரிந்தால் கவலைப்படாதீர்கள், நாளாக ஆக மற்ற இடத்தோடு சேர்ந்துவிடும்.

ஸ்டீலைத் தேய்த்துவிட்டால் துருப்பிடிக்காத அந்தத் தன்மை போய்விடாதா என்பது நியாயமான சந்தேகம். போகாது. அது மேலே பூசியது இல்லை. ஸ்டீலில் உள்ள குரோமியம் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து சில நானோமீட்டர் தடிமனில் ஒரு ஆக்சைடு படலத்தைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. தேய்த்து எடுத்தாலும் காற்றுப் பட்டதும் திரும்ப உருவாகிவிடும். அதற்குச் செயின் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் வேலை முடிந்த பிறகு கழுவுவதை முதலில் கழுவியதைவிடக் கவனமாகச் செய்யுங்கள். கண்ணிகளின் மூட்டுக்குள் உப்புத்தாளின் மணியும் பாலிஷ் களிம்பும் போய் உட்கார்ந்திருக்கும். கழுவாமல் கட்டினால், கையை அசைக்கும் ஒவ்வொரு முறையும் அது உள்ளே பின்னையும் துளையையும் அரைக்கும். பழைய செயின் நீண்டு தொங்குகிறது என்கிறார்களே, உலோகம் நீள்வதில்லை. மூட்டுகள் இப்படித்தான் உள்ளே தேய்கின்றன. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொரு மூட்டையும் மடக்கி விரித்துப் பிரஷ் போடுங்கள். தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றுங்கள், சாம்பல் நிறம் வருவது நிற்கும்வரை. அல்ட்ராசானிக் கழுவி இருந்தால் செயினை மட்டும் ஐந்து நிமிடம் போடலாம். வாட்சை அதில் போடவே கூடாது.

இதை எத்தனை முறை செய்யலாம்? நார்ப்பட்டை வேலையில் போகும் உலோகம் மிகக் குறைவு. ஆண்டுக்கு ஒருமுறை என்றாலும் ஒன்றும் ஆகாது, நான் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் செய்வேன். உப்புத்தாள் போட்டுப் பளபளப்பை மீட்பதை அந்தச் செயினின் வாழ்நாளில் ஓரிரு முறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புதிதாக மெருகேற்றிய செயினில் விழும் முதல் கீறல் பத்து மடங்கு பெரிதாகத் தெரியும். அன்றே தேய்க்க உட்காராதீர்கள். தட்டச்சு செய்யும்போது வாட்சைக் கழற்றி வைப்பது, ஒரே கையில் வளையலோடு சேர்த்துக் கட்டாமல் இருப்பது, பெட்டியில் இரண்டு வாட்சுகளை ஒன்றோடொன்று உரசும்படி போடாமல் இருப்பது, இந்த மூன்றே கீறலில் பாதிக்கு மேல் தடுத்துவிடும்.

கடைசியாகச் செயினைத் திரும்ப மாட்டும்போது, மூட்டுகளில் ஈரம் இல்லாமல் ஒரு இரவு உலரவிடுங்கள். பழைய ஸ்ப்ரிங் பார் வளைந்தோ அழுக்கேறியோ இருந்தால் அதே அளவில் புதிது போடுங்கள். இரண்டு முனையும் காதின் துளைக்குள் ‘டிக்’ என்று உட்காரும் சத்தம் கேட்க வேண்டும். பிறகு ஒரு மெத்தைக்கு மேலே பிடித்துக்கொண்டு, வாட்சை ஒரு கையாலும் செயினை இன்னொரு கையாலும் நன்றாக இழுத்துப் பாருங்கள். அசையாமல் இருந்தால் கட்டிக்கொள்ளலாம்.